பேஸ்பால் கார்டு மேசையிலிருந்து ஊபர் வரை: ஜான் லிஸ்ட் செய்வது பொருளாதாரமா, வியாபாரமா?

#1 தாமிரபரணி

கொஞ்ச நாளாக இந்த ஒரு ஆளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

ஜான் லிஸ்ட், 2005 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். சிகாகோ என்றதும் பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைக்க வேண்டாம். அப்பா லாரி ஓட்டுநர். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். முனைவர் பட்டம் 1996இல் வயோமிங் பல்கலைக்கழகத்தில் வாங்கினார். ஹார்வர்டு, எம்ஐடி பட்டம் இல்லாதவனை வேலைச் சந்தையில் யார் சீந்துவார்? 150க்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்து, ஒரே ஒரு இடத்தில் நேர்காணல் கிடைத்தது. மத்திய புளோரிடா பல்கலைக்கழகம். அங்கேதான் சேர்ந்தார்.

இளவயதிலிருந்தே அவருக்கு இன்னொரு தொழில் உண்டு. பேஸ்பால் கார்டு வாங்கி விற்பது. விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டைகள். அரிதானதற்கு அங்கே நல்ல விலை. வார இறுதிகளில் கண்காட்சியில் மேசை போட்டு, பேரம் பேசி விற்பார்கள். பேராசிரியர் ஆனபிறகு அதே கண்காட்சிக்கு ஆய்வாளராகப் போனார்.

அங்கே செய்த சோதனையை மட்டும் சொல்கிறேன். பொருளாதாரத்தில் ஒரு பழைய தகராறு உண்டு. ஒரு பொருள் நம் கைக்கு வந்துவிட்டால் அதன் மதிப்பு நம் மனதில் ஏறிவிடுகிறது. விற்கச் சொன்னால் அநியாய விலை கேட்போம். கானெமன், நெட்ச், தேலர் என்கிற ஆய்வாளர்கள் மூவரும் மாணவர்களுக்குக் காபிக் குவளை கொடுத்து இதைக் காட்டியிருந்தார்கள். சந்தையில் பழகியவர்களிடம் இதெல்லாம் நிற்காது என்பது எதிர்த்தரப்பு. லிஸ்ட் கண்காட்சிக்கு வந்தவர்களிடம் ஒரு சின்ன வினாத்தாளை நிரப்பச் சொல்லி, கூலியாக ஒரு நினைவுப் பொருள் கொடுத்தார். சிலருக்கு, பேஸ்பால் வீரர் கால் ரிப்கன் 1996 ஜூன் 14 அன்று சாதனை படைத்த ஆட்டத்தின் டிக்கெட் துண்டு. சிலருக்கு, நோலன் ரயனின் 300ஆவது வெற்றி நினைவாக வந்த சான்றிதழ். யாருக்கு எது என்பது தற்செயல். வினாத்தாள் முடிந்ததும் மற்ற பொருளைக் காட்டி, ‘மாற்றிக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டார்.

தற்செயலாகக் கொடுத்தால் பாதிப் பேராவது ‘மற்றதுதான் பிடித்திருக்கிறது’ என்று மாற்ற வேண்டும். பொழுதுபோக்குக்கு வந்தவர்களில் நாலில் ஒருவர்கூட மாற்றவில்லை. கையில் வந்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மேசை போட்டிருந்த வியாபாரிகளிலோ கிட்டத்தட்டப் பாதிப் பேர் மாற்றினார்கள். 2003இல் கட்டுரையாக வந்தது.

இரண்டு தரப்பும் சரி என்று ஒரே மண்டபத்தில் காட்டிய மாதிரி எனக்குப் பட்டது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

#2 காசுப்பெட்டி

சார், நான் பழைய நாணயம் விற்பவன். ஊர் ஊராகக் கண்காட்சிக்கு மேசை போடுகிறவன். நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இதற்கு ஆராய்ச்சி வேறா?

புதிதாகச் சேர்க்க ஆரம்பித்தவன் ஓட்டைக் காலணாவைக்கூட விடமாட்டான். ‘இது எங்க தாத்தா கொடுத்தது’ என்பான். அதே காசு என்னிடம் முப்பது இருக்கும். நான் எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொண்டால் பிழைப்பு நடக்காது.

#3 சந்தேகப் பிராணி

தாமிரபரணி ஐயா, ஒரு இடறல். வியாபாரம் பழகியதால் பிடிப்பு விட்டதா, இல்லை பிடிப்பே இல்லாத ஆட்கள்தான் வியாபாரத்துக்கு வருகிறார்களா? காசுப்பெட்டி அண்ணன் பிறவியிலேயே அப்படிப்பட்டவராக இருக்கலாமே.

#4 காசுப்பெட்டி

பிறவியிலேயே இல்லை தம்பி. முதல் ரெண்டு வருஷம் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அரையணாவை விற்க மனசு வராமல் வைத்திருந்தேன். பசி வந்தது, விற்றேன்.

#5 தாமிரபரணி

சந்தேகம் சரியான இடத்தில்தான் குத்துகிறது. லிஸ்ட்டுக்கும் அது தெரிந்திருந்தது. அனுபவம் செய்த வேலையா, ஆள் தன்மையா என்று பிரித்துப் பார்க்க அதே கட்டுரையில் தனியாக ஒரு சோதனை இருக்கிறது. வியாபார அனுபவம் கூடக்கூட ஒட்டுதல் குறைகிறது என்பதுதான் முடிவு. அடுத்த வருடம் அட்டைக் கண்காட்சியில் குவளையும் சாக்லேட்டும் வைத்துச் செய்ததையும் வெளியிட்டார். அட்டை வியாபாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத பொருள்களிலும் வியாபாரிகள் எளிதாக மாற்றிக்கொண்டார்கள். பழக்கம் பொருளைத் தாண்டி ஒட்டிக்கொள்கிறது.

#6 கணக்கு டீச்சர்

லிஸ்ட் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அட்டை இல்லை, ஆசிரியர் போனஸ்தான். எங்கள் அறையில் இதை ஒரு தடவை பேசி, பெரிய சண்டை ஆகிவிட்டது.

சிகாகோவுக்குத் தெற்கே சிகாகோ ஹைட்ஸ் என்று ஒரு ஊர், வசதி குறைந்த குடும்பங்கள் அதிகம். 2010–11 கல்வியாண்டில் அங்கே ஆசிரியர்களைப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல, பிள்ளைகள் தேறினால் வருடக் கடைசியில் ஊக்கத்தொகை. இன்னொரு பிரிவுக்கு வருட ஆரம்பத்திலேயே 4,000 டாலர் கையில். பிள்ளைகள் சராசரிக்குக் கீழே போனால் திருப்பிக் கட்ட வேண்டும். அமைப்பு ஒன்றுதான், கைக்கு வரும் நேரம்தான் வேறு. கடைசியில் தருவதாகச் சொன்ன பிரிவில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. திருப்பிக் கட்ட வேண்டிய பிரிவில் கணக்கு மதிப்பெண் நன்றாக ஏறியது.

எனக்கு இது கசக்கிறது. செப்டம்பரில் அந்தப் பணத்தை வீட்டுக் கடனுக்குக் கட்டிவிட்ட டீச்சர் மே மாதம் எந்த முகத்தோடு வகுப்புக்குள் நுழைவாள்? மதிப்பெண் ஏறியது என்கிறார்கள். அவள் தூக்கம் எவ்வளவு குறைந்தது என்று யாராவது அளந்தார்களா?

#7 மலைக்கோட்டை வாசி

டீச்சர், எங்கள் அலுவலகத்தில் தீபாவளி போனஸைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டால் கலவரம் நடக்கும் 😄

#8 சந்தேகப் பிராணி

இழப்பு பயம் எல்லா இடத்திலும் அவ்வளவு வேலை செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டன்ஜிம் ஹொசைன் என்கிற ஆய்வாளரோடு சேர்ந்து லிஸ்ட் சீனாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இதே உத்தியைச் செய்தார். தொழிலாளிகளுக்குக் கடிதம் போனது. ஒரு பிரிவுக்கு, ‘இலக்கை எட்டினால் போனஸ் உண்டு.’ இன்னொரு பிரிவுக்கு, ‘போனஸ் உங்களுடையது, எட்டாவிட்டால் போய்விடும்.’ இரண்டாவது பிரிவின் குழுக்களில் உற்பத்தி கூடுதலாக 1 சதவீத அளவுதான் ஏறியது. முதலாளிக்கு அந்த ஒரு சதவீதமும் சும்மா வந்த லாபம். ஆனால் பள்ளிக்கூடத்தில் கண்ட மாயம் அங்கே இல்லை.

எனக்கு லிஸ்ட்டிடம் பிடித்த விஷயமே வேறு. இவர் தன் துறையையே சந்தேகப்பட்டவர். ஆய்வுக்கூடத்தில் ‘சர்வாதிகாரி விளையாட்டு’ என்று ஒன்று உண்டு. உங்களுக்குப் பணம் தருவார்கள். பக்கத்து அறையில் இருக்கும் முகம் தெரியாதவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். நிறையப் பேர் கொடுத்தார்கள். உடனே ‘மனிதன் இயல்பிலேயே கொடையாளி’ என்று எழுதித் தள்ளினார்கள். லிஸ்ட் ஒரே ஒரு வாய்ப்பைச் சேர்த்தார்: வேண்டுமானால் அவரிடமிருந்து ஒரு டாலர் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான், கொடுத்தவர்கள் எண்ணிக்கை பாதியாக விழுந்தது. கொடு என்கிற வழி மட்டும் திறந்திருந்தால் கொடுப்போம். எடுக்கவும் வழி இருந்தால், எடுக்காமல் விட்டதே நல்ல காரியம் என்று நினைத்துக்கொள்வோம்.

இது 2007 கட்டுரை. அவரே ஆய்வுக்கூடத்துக்குள் போய் ஆய்வுக்கூடத்தைக் கவிழ்த்தார்.

#9 தாமிரபரணி

அதோடு 2006இல் வந்த அவர் கட்டுரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டை வியாபாரிகளை ஆய்வுக்கூடத்து விளையாட்டில் உட்கார வைத்தால், கூட விலை கொடுத்தவருக்கு நல்ல சரக்குக் கொடுத்தார்கள். நன்றி உணர்ச்சி! அதே மாதிரி ஆட்களிடம் கண்காட்சி மேசையில், சோதனை என்று தெரியாமல், கூட விலை கொடுத்து வாங்கச் சொல்லி ஆட்களை அனுப்பினார். அட்டையின் தரத்தை வாங்குகிறவர் கண்டுபிடிக்க முடியாத நிலையில் அந்த நன்றி பெருமளவு காணாமல் போனது. திரும்பத் திரும்ப அதே ஊரில் கடை போடுகிறவர்கள்தான் ஓரளவு ஒழுங்காக நடந்தார்கள். பேர் கெட்டால் பிழைப்புப் போகுமே.

#10 காசுப்பெட்டி

இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

#11 மஞ்சள் பலகை

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆப் டாக்சி ஓட்டுகிறேன். மகள்தான் இந்த இழையை அனுப்பினாள். ‘ஊபர்’ என்று தலைப்பில் போட்டுவிட்டு இதுவரை ஒருவரும் அதைப் பேசவில்லையே?

#12 தாமிரபரணி

மன்னிக்கணும், பேச்சு சுவாரசியத்தில் விட்டுப்போச்சு.

லிஸ்ட் 2016இல் ஊபரின் தலைமைப் பொருளாதார நிபுணர் ஆனார். 2018இல் ஊபரின் போட்டி நிறுவனமான லிஃப்ட், 2022இல் வால்மார்ட். பேராசிரியர் வேலையையும் விடவில்லை.

ஊபர் காலத்தில் செய்தவற்றில் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது டிப்ஸ். 2017இல் ஆப்பிலேயே டிப்ஸ் கொடுக்கும் வசதி வந்தது. தரவைப் பார்த்தால் சுமார் 16 சதவீதப் பயணங்களுக்குத்தான் டிப்ஸ் கிடைத்தது. பயணிகளில் 60 சதவீதம் பேர் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கொடுத்தவர்கள் 1 சதவீதம். உணவகத்தில் டிப்ஸ் வைக்காமல் எழுந்திருக்கவே கூச்சப்படும் நாட்டில் இந்தக் கதை. எதிரில் ஆள் நிற்கவில்லை, இறங்கிப் போனபிறகு போனில் அழுத்தினால் போதும். யாரும் பார்க்காவிட்டால் கை நீளவில்லை.

இன்னொன்று மன்னிப்பு. ஒரு தடவை லிஸ்ட் ஒரு கூட்டத்தில் பேசப் போக ஊபர் பிடித்திருக்கிறார். வேலையில் மூழ்கிவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தால் வண்டி அவர் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. ஆப்பில் கோளாறு. மன்னிப்புக்கூட யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபத்தை ஆய்வாக மாற்றினார். மோசமான பயணம் அமைந்த 15 லட்சம் பயணிகளைப் பிரித்து, சிலருக்கு வெறும் மன்னிப்பு, சிலருக்கு மன்னிப்போடு 5 டாலர் கூப்பன், சிலருக்கு ஒன்றுமே இல்லை என்று விட்டுப் பார்த்தார்கள். வெறும் வாய்வார்த்தையால் பெரிய பயன் இல்லை. கூப்பன் வேலை செய்தது. திரும்பத் திரும்பத் தப்பு நடந்து திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டால், கேட்காமல் விட்டதைவிட மோசமாகிப் போகிறது.

#13 மஞ்சள் பலகை

நன்றி சார். டிப்ஸ் விஷயம் எனக்குப் புதுசு இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்ட ஒரு அம்மா கையில் நூறு ரூபாயைத் திணித்தார். ஆப்பில் அந்த மாதிரி ஒன்று வந்ததே இல்லை.

எனக்கு வேறு சந்தேகம். நான் ஓட்டிய கம்பெனி ஒன்றில் (பேர் வேண்டாம்) ஒரு வாரம் ‘40 சவாரிக்கு இவ்வளவு’ என்று வரும். பக்கத்தில் நிற்கும் மச்சான் போனில் அதே வாரம் 55 சவாரி என்று இருக்கும். ரெண்டு பேரும் ஒரே ஸ்டாண்டு, ஒரே மாதிரி வண்டி. கேட்டால் ‘சிஸ்டம் அப்படித்தான் காட்டும்’ என்பார்கள். அதுவும் இந்த மாதிரி சோதனைதானா? அப்படியென்றால் என்னிடம் யார் கேட்டார்கள்?

#14 கணக்கு டீச்சர்

இதைத்தான் நானும் கேட்க வந்தேன். அண்ணன் நேராகக் கேட்டுவிட்டார்.

#15 சந்தேகப் பிராணி

உங்கள் கம்பெனி செய்தது சோதனையா, சும்மா இலக்கை மாற்றி மாற்றி வைத்ததா என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது அண்ணே. ஆனால் கேள்வி நியாயமானது, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

லிஸ்ட்டும் கிளென் ஹாரிசனும் 2004இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். களத்தில் செய்யும் சோதனைகளை வகை பிரித்தது. மாணவர்களுக்குப் பதில் அந்தத் தொழில்காரர்களைக் கூப்பிட்டுச் செய்வது ஒன்று. அவர்களுக்குப் பழக்கமான பொருள், பழக்கமான வேலையை வைத்துச் செய்வது இன்னொன்று. இந்த இரண்டிலும் சோதனை நடக்கிறது என்று ஆளுக்குத் தெரியும். கடைசி வகை, ‘இயல்புக் களச் சோதனை’: தன்னை யாரோ ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்றே ஆளுக்குத் தெரியாது. லிஸ்ட் உயர்த்திப் பிடிப்பது இதைத்தான். தெரிந்தால் மனிதன் நடிப்பான் என்பது அவர் வாதம். நீங்கள் சொல்லும் உறுத்தலும் அதே இடத்தில்தான். கேட்டால் சோதனை கெடும். கேட்காவிட்டால் மனசு கெடும். பல்கலைக்கழக ஆய்வு என்றால் நெறிமுறைக் குழு பார்க்கும். கம்பெனி தனக்குத்தானே செய்துகொள்வதை யார் பார்ப்பது? இந்த இடத்தில் நான் லிஸ்ட் பக்கம் முழுசாக நிற்க மாட்டேன்.

#16 தாமிரபரணி

தெரிந்தே நடந்த சோதனையும் பயன் தந்திருக்கிறது என்பதற்கு ஒன்று. 2014இல் வர்ஜின் அட்லான்டிக் விமானிகள், 335 கேப்டன்கள், எட்டு மாதம், 40,000க்கும் மேற்பட்ட பறப்புகள். எரிபொருளை மிச்சப்படுத்தும் பழக்கங்களை அளந்தார்கள். சிலருக்கு மாதாமாதம் கடிதம், சிலருக்கு இலக்கு, சிலருக்கு இலக்கை எட்டினால் அவர்கள் பெயரில் தர்மத்துக்குப் பணம். வேடிக்கை என்னவென்றால், ஒன்றுமே தராமல் ‘அளக்கிறோம்’ என்று மட்டும் சொன்ன குழுவும் சிக்கனமாக ஓட்ட ஆரம்பித்தது.

#17 மலைக்கோட்டை வாசி

இதைத்தானே ஹாதோர்ன் விளைவு என்பார்கள்? ஒரு ஆலையில் விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது என்று எம்பிஏ வகுப்பில் சொன்னார்கள்.

#18 தாமிரபரணி

அதே ஹாதோர்ன். அந்தக் கதையில் லிஸ்ட்டே ஓட்டை போட்டிருக்கிறார்! 1920களில் சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் நடந்த விளக்குச் சோதனையின் எண்கள் தொலைந்துவிட்டன என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஸ்டீவன் லெவிட்டும் லிஸ்ட்டும் நூலகங்களில் தேடி எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். விளக்கை மாற்றியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, ஆலை மூடியிருக்கும்போது. திங்கட்கிழமை உற்பத்தி ஏறியது. விளக்கை மாற்றாத வாரங்களிலும் திங்கட்கிழமை ஏறத்தான் செய்தது. பாடப்புத்தகத்தில் உள்ள அளவுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை.

#19 மலைக்கோட்டை வாசி

கட்டிய ஃபீஸைத் திருப்பிக் கேட்கலாமா?

#20 பொழுதுவிடியல்

புதியவள். இந்தியாவில் இவர் ஏதும் செய்திருக்கிறாரா? எல்லாம் அமெரிக்காவாகவே இருக்கிறது.

#21 கணக்கு டீச்சர்

செய்திருக்கிறார்மா. மேகாலயாவில். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

போட்டி என்று வந்தால் பெண்கள் பின்வாங்குகிறார்கள், அது பிறவிக்குணம் என்று ஒரு பேச்சு இருந்தது. யூரி நீஸி, கென்னத் லெனார்ட், லிஸ்ட் மூவரும் இரண்டு சமூகங்களுக்குப் போனார்கள். தான்சானியாவில் மாசாய், ஆண் ஆதிக்கம் உள்ள சமூகம். மேகாலயாவில் காசி, அங்கே வம்சம் தாய்வழி, சொத்து கடைசி மகளுக்கு.

விளையாட்டு இவ்வளவுதான்: மூன்று மீட்டர் தள்ளி ஒரு வாளி. டென்னிஸ் பந்தைப் பத்துத் தடவை கையைக் கீழே வைத்தபடி வீச வேண்டும். விழுகிற ஒவ்வொரு பந்துக்கும் இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம். அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒரு எதிராளியோடு போட்டி. ஜெயித்தால் பந்துக்கு மூன்று மடங்கு, தோற்றால் ஒன்றுமில்லை. எது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாசாய் ஆண்களில் 50 சதவீதம் பேர் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் 26. காசியில் பெண்கள் 54, ஆண்கள் 39. மாசாய் ஆண்களைவிடக் காசிப் பெண்கள் ஒரு படி மேல்.

பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, ‘அப்ப அங்க பசங்க வீட்ல பாத்திரம் கழுவுவாங்களா மிஸ்?’ என்றான். முன் வரிசைப் பெண் திரும்பி, ‘நீ இங்கயும் கழுவலாம்’ என்றாள்.

#22 பொழுதுவிடியல்

😂 டீச்சர், உங்கள் வகுப்பில் சேர வேண்டும் போல இருக்கிறது.

#23 சந்தேகப் பிராணி

ரசித்தேன். ஆனால் இரண்டே சமூகம். காசிக்கும் மாசாய்க்கும் தாய்வழி, தந்தைவழி மட்டும்தான் வித்தியாசமா? சாப்பாடு, படிப்பு, சந்தைப் பழக்கம் எல்லாமே வேறு. பிறவிக்குணம்தான் எல்லாம் என்கிற வாதத்தை இது சாய்த்துவிடும், சரி. ‘தாய்வழிதான் காரணம்’ என்று நிறுவுமா என்றால் எனக்குத் தயக்கம்.

அப்புறம், ஒரு இடத்தில் தேறியது இன்னொரு இடத்தில் தேறுமா என்கிற கேள்வி. பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் இதைத்தான் பல வருடமாகச் சொல்லிவருகிறார். நம் ஊர் உதாரணம் ஒன்று. கார்த்திக் முரளிதரன், கேனிமியன், வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில், 640 மையங்களை எடுத்து, சீட்டுக் குலுக்கின மாதிரி தேர்ந்த சிலவற்றில் அரைநாள் பணிக்குக் கூடுதலாக ஒரு ஆளைப் போட்டார்கள். சொல்லிக்கொடுக்கும் நேரம் இரண்டு மடங்கானது, பிள்ளைகளின் கற்றலும் ஏறியது. நல்ல செய்தி. ஆனால் மாநிலம் முழுக்கப் போடும்போது அதே தரத்தில் ஆள் கிடைக்குமா? லிஸ்ட்டே இப்போது அதிகம் பேசுவது இந்த ‘பெருக்கினால் நிற்குமா’ சிக்கலைத்தான்.

#24 காசுப்பெட்டி

இவ்வளவு படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. போன வாரக் கண்காட்சியில் நானே ஒன்று செய்தேன்.

ஆல்பம் வாங்கினால் ஒரு இலவசம் கொடுப்பேன். இந்தத் தடவை ரெண்டு வைத்தேன்: கையடக்க லென்ஸ், சின்னத் துணிப் பை. ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டு, பில் போட்டபிறகு ‘மாற்றிக்கிறீங்களா?’ என்று கேட்டேன். லென்ஸ் வாங்கின ஒருத்தரும் மாற்றவில்லை. பை வாங்கினவர்களில் பாதிப் பேர் மாற்றினார்கள். அப்படியானால் லென்ஸ் மேல்தான் ஒட்டுதல் அதிகம், சரியா?

#25 சந்தேகப் பிராணி

யாருக்கு லென்ஸ், யாருக்குப் பை என்று எப்படி முடிவு செய்தீர்கள் அண்ணே?

#26 காசுப்பெட்டி

ஆளைப் பார்த்துத்தான். கண்ணாடி போட்ட பெரியவர்களுக்கு லென்ஸ். சின்னப் பசங்களுக்குப் பை.

#27 சந்தேகப் பிராணி

போச்சு. லென்ஸ் தேவைப்பட்டவருக்கே லென்ஸைக் கொடுத்துவிட்டு, ஏன் மாற்றவில்லை என்றால் எப்படி? அவர் ஒட்டுதலால் மாற்றவில்லையா, தேவையால் மாற்றவில்லையா என்று இனி பிரிக்கவே முடியாது. ஆளைப் பார்க்காமல் கொடுக்க வேண்டும். காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் லென்ஸ், பூ விழுந்தால் பை. உங்களிடம் காசுக்கா பஞ்சம்?

#28 மஞ்சள் பலகை

காசுப்பெட்டி அண்ணே, சுண்டுவதைக் கஸ்டமர் பார்க்கிற மாதிரி சுண்டுங்க. எனக்கெல்லாம் யாரும் சுண்டிக் காட்டவில்லை.

#29 காசுப்பெட்டி

இன்றைக்குச் சுண்டினேன். மஞ்சள் பலகை சொன்ன மாதிரி மேசை மேலேயே, எல்லோரும் பார்க்க. பையன் பள்ளி நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். மத்தியானம் வரைக்கும் பதினோரு பேர்தான். அதற்குமேல் தொடர முடியவில்லை.

சுண்டுவதற்கு எடுத்தது கல்லாவில் கிடந்த ஒரு ஜார்ஜ் மன்னர் காலத்துக் காலணா. தேய்ந்தது, இருபது ரூபாய்க்குப் போகாது. ஒருத்தர் ஆல்பத்தையும் லென்ஸையும் வாங்கிக்கொண்டு, ‘அந்தச் சுண்டுற காசு எவ்வளவு?’ என்றார். விற்பனைக்கு இல்லை என்றேன். ஐம்பது என்றார். இல்லை என்றேன். நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைத்தார். வாய் என்னை அறியாமல், ‘இது கொடுக்கிறதில்லீங்க’ என்றது.

பையன் நோட்டை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.